நீலப் படகுக்கொட்டில்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நீலப் படகுக்கொட்டில் படம் போட்ட காப்பிக் கோப்பைகள் பதினொன்று இருந்தன. இப்போது ஏழு. இரண்டை நான் உடைத்தேன். ஒன்றை ஹால்டோரா விமானத்தில் உடைத்தாள். ஒன்று ஐவின்டோடு போய்விட்டது. அவன் தங்கைதான் அதைச் சவப்பெட்டிக்குள், அவன் வலது கைப்பக்கமாக வைத்தாள். பாதிரியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது எங்கள் நார்வேயின் தேசிய நாளான அந்த மே பதினேழைப் பற்றி. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சிரித்த நாள் எனக்கு இல்லை.

என் கணவன் ஐவின்ட் பகலில் பேர்கனில் கப்பல் வரைபடங்கள் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தான். மாலையில் ஸ்கார்வ் எழுதினான். ஸ்கார்வ் என்றால் நீர்க்காகம். தண்ணீருக்கு அடியிலும் கண் தெரிகிற பறவை. ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று கணினி பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான நிரல்களை எழுதிச் சேர்த்து, அந்தச் சேர்மானத்துக்கு அந்தப் பறவையின் பெயரை வைத்திருந்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை லைப்ரரி என்பார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தார்கள். பதினான்கு வருடத்தில் முந்நூறு பேர் ஸ்கார்வுக்கு ஆளுக்குச் சில வரிகளாவது எழுதியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைத்தான் நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். ஒருத்தி ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஹால்டோரா. இன்னொருவன் நெதர்லாந்தில், குரோனிங்கனில் இருக்கும் யோகெம்.

ஸ்கார்வுக்கு ஒரு சோதனைப் படம் உண்டு. கடலோரத்தில் ஒரு மரக்கொட்டில், ஆழ்ந்த நீல நிறம். கூரைமேல் பச்சைப் புல். சுவரில் கயிற்றுக் கொத்தும் நான்கு நீல மிதவைகளும் தொங்கும். பின்னால் வானம் முழுக்கப் பொன், அந்தி நேரம். முகட்டில் நட்ட கம்பில் ஒரு கொடி: நீலத் துணியில் வெள்ளை விளிம்பு கட்டிய சிவப்புச் சிலுவை. ஐஸ்லாந்துக் கொடி. மாணவனாக இருந்தபோது, படிப்பகத்தின் பொதுக் கணினியில் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்டு கிடந்த இந்தப் படத்தை ஐவின்ட் எடுத்துக்கொண்டான். ஐஸ்லாந்து போய்வந்த யாரோ விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தான்.

அன்றிலிருந்து எதைப் புதிதாக எழுதினாலும் அந்தப் படத்தின்மேல் ஓட்டிப் பார்ப்பான். கூரை இத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, மிதவை நான்கு, படத்தில் மூலைகள் நானூற்றுப் பன்னிரண்டு என்று சரியான விடை வந்தால் நிரல் சரி. இப்படி ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு சோதனைகள். எல்லா விடைகளும் அந்த ஒரே படத்துக்காக எழுதப்பட்டவை. கோப்பையிலும் பனியனிலும் அதே படத்தை அச்சடித்து, கொட்டிலின் சுவர்மேல் ஒரு கறுப்பு நீர்க்காகத்தையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் அதில்தான் தினமும் காப்பி குடித்தேன்.

பிப்ரவரியில் யோகெமிடமிருந்து கடிதம் வந்தது. லட்சக்கணக்கான கணினிகளில் ஓடும் ஒரு பெரிய இலவச மென்பொருள் தொகுப்புக்கு அவன் வாசல்காவலர்களில் ஒருவன். எதை உள்ளே விடலாம், எதை வெளியே தள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்ப்பது அவன் வேலை. சம்பளம் கிடையாது. சம்பளம் இருந்தால்கூட அவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டான் என்று ஹால்டோரா சொல்வாள்.

கடிதம் இரண்டே வரி. சோதனைப் படத்தை எடுத்தவர் யார்? அவர் எழுதிக் கொடுத்த அனுமதி எங்கே?

ஐவின்ட் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தான். மறுபடி படித்தான், சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தத் தொகுப்பு மூடி முத்திரை வைக்கப்படும். முத்திரைக்குள் வராதது இரண்டு வருடம் வெளியே நிற்க வேண்டும். ஹால்டோராவின் ஊருக்குமேல் ஒரு மலைச்சரிவு இருக்கிறது. பனி சரிகிறதா என்று ஆறு கேமராக்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கேமராக்களுக்குக் கண் ஸ்கார்வ்தான். ஊராட்சிக் கணினிகளில் அந்தத் தொகுப்பில் உள்ளதைத் தவிர வேறெதையும் ஏற்ற விடமாட்டார்கள். ஸ்கார்வ் வெளியே போனால் அடுத்த குளிர்காலத்தில் சரிவைப் பார்க்கக் கண் இல்லை. படத்தை மாற்றலாம் என்றால் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு விடைகளையும் மாற்ற வேண்டும். நான்கு மாத வேலை. கெடு மே பதினேழு, நண்பகல் பன்னிரண்டு மணி.

"மே பதினேழா! அன்னிக்கு யாராவது வேலை செய்வாங்களா?" என்றேன்.

"யோகெமுக்கு அது சும்மா ஒரு ஞாயித்துக்கிழமை" என்றான் ஐவின்ட்.

கொட்டிலைத் தேடும்படி ஹால்டோராவிடம் சொன்னான் ஐவின்ட். அவள் பார்க்காத மீனவர் குழு இல்லை. ஐஸ்லாந்துக் கரைப் படங்கள் அறுபதாயிரத்தைச் சேர்த்து ஸ்கார்வையே அவற்றின்மேல் ஏவிவிட்டாள். தொண்ணூற்றொரு சதவீதம் உறுதி என்று அது ஒரு கொட்டிலைக் கண்டுபிடித்தது. இருநூறு கிலோமீட்டர் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஐஸ்கிரீம் கடை.

அங்கிருந்தே கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"டேய் ஐவின்ட், உன் நீர்க்காகத்துக்குக் கண்ணாடி போடணும்டா."

"நீலமா இருக்கா இல்லையா?"

"நீலமாத்தான் இருக்கு. மேல ஒரு பெரிய கோன் ஐஸ்கிரீமும் இருக்கு. அது தெரியலையா அதுக்கு?"

"குளிர்காலத்துல கோனை எடுத்து உள்ள வெச்சிருப்பாங்கன்னு நெனச்சிருக்கும்."

"எடுத்து உள்ள வெக்கிறேன், உன்னை. கேளு. எங்க ஊர்ல நீல மிதவை யாரும் கட்றதில்ல, கடல்ல கண்ணுக்கே தெரியாது. அதோட சாயங்காலம்னு சொல்றியே, கூரை நிழல் சுவத்துல குட்டையா விழுது. உச்சி வெயில் மாதிரி. இது என்ன சாயங்காலம்?"

"உங்க ஊர் சூரியனே ஒரு தினுசு. எங்களைக் கேட்டா?"

இதை அவள் மார்ச்சிலேயே சொன்னாள். இரண்டு பேரும் பதினான்கு வருடமாகப் படங்களோடு குடித்தனம் நடத்தியவர்கள். மிதவை, நிழல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நானும்தான்.

மே பதினைந்தாம் தேதி இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசி முயற்சியாக, உட்கார்ந்து எத்தனை விடைகளை மாற்ற முடியுமோ மாற்றுவது என்று ஏற்பாடு. ஹால்டோரா மாடி அறையில். யோகெம் கூடத்து நீள் இருக்கையில். ஆறடி ஐந்தங்குலம் இருந்ததால் பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விடைகளை மாற்ற அவனும் கை கொடுத்தான். எங்கள் வாஃபிளையும் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் கூச்சமில்லாமல் சாப்பிட்டான். நடுநடுவே ஐவின்ட் அவனைக் கிளறுவான்.

"நாளன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு என்னைத் தூக்கிடுவியா?"

"தூக்கிடுவேன்."

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு?"

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் ஐவின்ட். பன்னெண்டு அஞ்சுக்குக்கூடப் பிடிக்கும். ஆனா பன்னெண்டுக்குத் தூக்கிடுவேன்."

பதினாறாம் தேதி முடியும்போது, தனியாக எடுத்து வைத்த நகலில் இருநூற்று நாற்பது விடைகள் மாறியிருந்தன. இனி எண்ணிப் பயனில்லை. ஐவின்ட் மடிக்கணினியை மூடிவிட்டு, "காலையில ஷாம்பெயின் குடிப்போம், கொடியைப் பார்ப்போம், பன்னெண்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து நின்னு என்னைத் தூக்குங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. அதிலிருந்து அவன் மனம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்குப் பீரங்கி வெடித்தது, தெருவில் முரசு தொடங்கியது. நீள் இருக்கையிலிருந்து யோகெம் விழுந்த சத்தம் மாடிவரை கேட்டது. நான் புனாதை எடுத்து உடுத்தினேன். கம்பளிப் பாவாடையும் வெள்ளிப் பதக்கங்களுமாக நாலு கிலோ கனக்கும் உடுப்பு அது. உடுத்தியபின் குனிய முடியாது, சிரித்தால் கலகலவென்று சத்தம் வரும். மேசையில் புகைபோட்ட சால்மன், முட்டைப் பொரியல், ரொட்டி, மூன்று புட்டி. பால்கனிக் கம்பத்தில் ஐவின்ட் எங்கள் கொடியை ஏற்றினான். நல்ல காற்று. கொடி விரிந்து படபடத்தது.

ஹால்டோரா இரண்டாவது கோப்பை ஷாம்பெயினோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கமே இல்லாத ஜனம்பா நீங்க" என்றாள்.

"என்ன பண்ணோம்?" என்றேன்.

"எங்க கொடியைத் திருடி, நீலம் இருக்கிற எடத்துல சிவப்பு, சிவப்பு இருக்கிற எடத்துல நீலம்னு மாத்தி வெச்சுக்கிட்டா கண்டுபிடிக்க மாட்டோமா?"

"யாரு யாரைத் திருடினது? எங்களுது உங்களுதைவிட நூறு வருஷம் பழசு, தாயே. எங்களைப் பார்த்து நீங்கதான் மாத்திக்கிட்டீங்க."

"நாங்க மாத்தினா அழகாத்தான் மாத்துவோம். சும்மா ரெண்டு நிறத்தைத் தூக்கி அங்கயும் இங்கயும் போட்டு..."

அதோடு நின்றுவிட்டாள். கோப்பையைப் பிடித்த கை பாதி வழியில் நின்றது. யோகெம் வாயில் சால்மனோடு மெல்லுவதை நிறுத்தினான். ஐவின்ட் கொடியைப் பார்த்தான், மேசையில் இருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்தான், மறுபடி கொடியைப் பார்த்தான்.

அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. யாருக்கோ தொண்டையில் முள் சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்ல" என்றான் ஐவின்ட். "இல்ல இல்ல இல்ல."

"ஆமா" என்றான் யோகெம், வாயில் இருந்ததோடு.

"பதினாலு வருஷமாடா!" என்று ஹால்டோரா கத்தினாள்.

மூன்று பேரும் ஒரே கதவை நோக்கி ஓடி ஒரே நேரத்தில் அதில் மாட்டிக்கொண்டார்கள். நான் பதக்கங்கள் குலுங்கப் பின்னால் போனேன். "யாராவது எனக்கும் சொல்லுங்களேன்!"

சொன்னது யோகெம்தான். அவன்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கணினிக்குள் ஒரு படம் என்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம். பாதிப் பேர் அந்த வரிசையில் எழுதுவார்கள். மீதிப் பேர் நீலத்தில் தொடங்கித் தலைகீழாக எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வரிசையில் படித்தால் சிவப்பெல்லாம் நீலம், நீலமெல்லாம் சிவப்பு. பச்சை நடுவில் இருப்பதால் தப்பித்துவிடும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் செய்கிற தவறு இது. மனித முகம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆள் நீலமாகத் தெரிவார். இந்தப் படத்தில் ஆள் இல்லை. புல் புல்லாகவே இருந்தது. நீல வானம் பொன்னானதும் அந்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மொத வாரம்" என்றான் ஐவின்ட், விரல்கள் தட்டிக்கொண்டிருக்க. "மொத வாரத்துல படத்தைத் தப்பு வரிசையில படிச்சு அப்படியே திருப்பி எழுதி வெச்சிருக்கேன். அடுத்த வாரம் நிரலைச் சரி பண்ணிட்டேன். படத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்ல."

"நான் இருநூறு கிலோமீட்டர் ஐஸ்கிரீம் கடைக்குப் போனேன்!" என்றாள் ஹால்டோரா.

திரையில் படம் மாறியது.

நடுப்பகல். சுத்தமான நீல வானம். சிவப்புக் கொட்டில். ஆரஞ்சு மிதவைகள். மேலே எங்கள் கொடி. எங்கள் கரையில் கல்லை விட்டெறிந்தால் இப்படி ஒரு கொட்டிலின்மேல்தான் விழும்.

ஹால்டோரா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "அய்யோ, இப்போ உங்க நாட்டுல தேடணும். சிவப்புக் கொட்டில். எத்தனை இருக்கும், அம்பதாயிரம்?"

நான் குனிய முடியாமல் முழங்காலை மடக்கித் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். கோப்பையில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், சுவரில், ஒரு வட்ட ஜன்னல் இருந்தது. பழைய கப்பலிலிருந்து கழற்றிய பித்தளை ஜன்னல். கதவுக்கு நேராக வைக்க வேண்டியதை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார்கள். வைத்தவர் அக்வாவிட் குடித்துவிட்டு அளவெடுத்தார். அது எங்கள் குடும்பம் முழுக்க அறிந்த விஷயம்.

"இது ஒட்முண்ட் மாமாவோட கொட்டில்" என்றேன்.

மூன்று தலைகளும் திரும்பின.

"அட்லோய் தீவுல. என் அம்மாவோட தம்பி. ஐவின்ட், நீயே அங்க போயிருக்கே!"

"நானா?"

"தினம் இதுல காப்பி குடிச்சியே, உனக்குத் தெரியலையா?" என்றாள் ஹால்டோரா என்னிடம்.

தெரியவில்லை. நீலம் என்றதுமே அது நம்முடையது இல்லை என்று மனம் ஒதுக்கி வைத்துவிட்டது போல. அதோடு ஜன்னல்மேல் காக்கை வேறு உட்கார்ந்திருந்தது.

மணி ஒன்பதே முக்கால். மாமாவுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார், பத்து மணிக்கு ஊர்வலம், அவர் தீவின் வாத்தியக் குழுவில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழல் வாசிக்கிறவர். பத்தரைக்குக் கூப்பிட்டேன், இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. யோகெம் சுவர்க் கடிகாரத்தின் நேர் எதிரே உட்கார்ந்துகொண்டான். கடைசியில் குழுவை நடத்தும் போர்கில்டின் எண் நினைவுக்கு வந்தது. அவள் நடந்துகொண்டே எடுத்தாள்.

"யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல. ஒட்முண்ட் மாமா கிட்டக் கொடு."

"பொண்ணே, அவரு வாசிச்சுக்கிட்டிருக்காரு! பள்ளிக்கூடத்தைத் தாண்டிட்டோம், இன்னும் ரெண்டு பாட்டு."

"போர்கில்ட், ஐஸ்லாந்துல ஒரு மலை சரியப்போகுது."

அது முழுப் பொய் இல்லை. அவள் யோசித்தாள். பிறகு ஒரு பாட்டின் நடுவே கீழ்ச்சுருதி மட்டும் காணாமல் போனது; மூச்சிரைப்புக் கேட்டது.

"என்ன மலைம்மா?"

"மாமா, உங்க கொட்டிலை யாரோ படம் எடுத்திருக்காங்க. பதினாலு பதினஞ்சு வருஷம் முன்னாடி. யாருன்னு ஞாபகம் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"தெரியுமா?"

"நீதானே எடுத்தே!"

நான் திரையில் இருந்த கொட்டிலை மறுபடி பார்த்தேன்.

"மறந்துட்டியா? ஒரு வெள்ளிக் கலர் பெட்டிய தூக்கிக்கிட்டு வந்தே. தோணித்துறைப் பலகையில குப்புறப் படுத்துக்கிட்டு, நல்ல கால்சட்டையைத் தார்ல அப்பிக்கிட்டு, படம் எடுத்தே. கடல்ல விழப்போறேன்னு நான் உன் காலைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒன்னோட ஒரு பையன் வந்திருந்தான். ஒல்லியா. படகுல வாந்தி எடுத்துட்டுப் பாறைமேல பொணமாட்டம் கெடந்தான். அவனை விட்டுட்டியா, இல்ல கட்டிக்கிட்டியா?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். ஐவின்ட் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"கட்டிக்கிட்டேன் மாமா. கல்யாணத்துக்கு நீங்கதானே டூபா வாசிச்சீங்க."

"ஓ, அவன்தானா இவன்? அன்னிக்கு வாந்தி எடுத்து மூஞ்சியே பச்சையா இருந்தது, அடையாளம் தெரியல. சரி வெக்கிறேன், என்னை விட்டுட்டு ஊர்வலம் கடைக்கிட்டப் போயிடுச்சு."

முதலில் சிரித்தது யோகெம். அவன் சிரித்து அதுவரை நாங்கள் பார்த்ததில்லை; ஒட்டகம் தும்முவது போல இருந்தது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. என் பதக்கங்கள் வேறு ஜால்ரா போட்டன. ஹால்டோரா தரையில் படுத்துவிட்டாள். மாமா சொன்ன வெள்ளிப் பெட்டி படிப்பகத்துக் கேமரா. எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க ஐவின்ட்தான் கொண்டுவந்தான். வாந்தி எடுத்தவனால் சோதிக்க முடியாமல் என் கையில் கொடுத்தான். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தபோது படங்கள் பொதுக் கணினியில் போய் விழுந்திருக்கின்றன. மூன்று மாதம் கழித்து அவனே அதை எடுத்து, யாரோ ஐஸ்லாந்து போனவர் என்று நினைத்திருக்கிறான். படத்தை எடுத்தவளைக் கல்யாணம் பண்ணி, பதினோரு வருடம் அவளுக்கே அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தவன், அவளைத் தேடி வட அட்லாண்டிக் முழுக்க ஆள் விட்டிருக்கிறான்.

"மணி பதினொண்ணே கால்" என்றான் யோகெம். சிரிப்பு அவனிடம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டான். "உங்க முழுப் பேர் என்ன?"

"யோகெம், நேத்து என்கிட்ட ரெண்டு தலகாணி கேட்டு வாங்கினே."

"ஞாபகம் இருக்கு. நல்ல தலகாணி. முழுப் பேர்?"

"குன்வோர் ஸ்டெய்ன்ஸ்விக்."

"இந்தப் படத்தை நீங்களேதான் எடுத்தீங்களா?"

"குப்புறப் படுத்து எடுத்தேன்."

"குப்புறங்கிறதை எழுத வேண்டியதில்ல."

"எழுதுவேன். என் படம்."

அனுமதியை என் சொந்த மின்னஞ்சலிலிருந்து நானே எழுத வேண்டும் என்றான். உட்கார்ந்தேன். புனாதின் சட்டைக் கை விசைப்பலகையில் உரசியது. அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது.

"சும்மா எப்படிக் கொடுக்கிறது? எனக்கு என்ன கிடைக்கும்?"

"என் உயிர்" என்றான் ஐவின்ட்.

"அது முன்னமே என்கிட்டத்தான் இருக்கு. வேற?"

"பதினோரு கோப்பை."

"அதைக் கழுவுறதும் நான்தான்."

"நான் கழுவுறேன். சாகுற வரைக்கும் நான் கழுவுறேன். அனுப்பு குன்வோர், தயவு பண்ணு!"

அனுப்பினேன். அவன் சொன்னபடியே கழுவவும் செய்தான்.

யோகெம் படித்தான், மறுபடி படித்தான், தலையாட்டினான். "அனுமதி சரி. இனிச் சோதனை எல்லாத்தையும் ஒரு தடவ ஓட்டிட்டா முத்திரை வெச்சிடலாம்."

முழுச் சோதனைக்கு இருபத்தொரு நிமிடம் ஆகும். மணி பதினொன்று இருபத்தைந்து. தாராளமாக நேரம் இருந்தது. ஐவின்ட் பொத்தானைத் தட்டினான். நாங்கள் மிச்ச ஷாம்பெயினை ஊற்றிக்கொண்டோம். பத்து நிமிடம் கழித்து ஹால்டோராதான் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது ஏன் முழுக்கச் சிவப்பா இருக்கு?"

தோல்வி. தோல்வி. தோல்வி. அறுநூறு சோதனை முடிந்ததில் ஐந்நூற்றுச் சொச்சம் தோல்வி.

"ஐவின்ட்" என்றாள் அவள் மெதுவாக. "படத்தை என்ன பண்ணே?"

"சரி பண்ணேன்."

"என்னது?"

"நிறத்தைச் சரி பண்ணி வெச்சேன். தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி அப்படியே விடுறது?"

"அந்தத் தப்புக்குத்தானேடா பதினாலு வருஷமா விடை எழுதி வெச்சிருக்கோம்! நீல மிதவை நாலுன்னு எழுதியிருக்கு. இப்போ நீல மிதவை எங்கே இருக்கு?"

ஐவின்ட் வெளுத்துப் போனான். மாமா பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார். யோகெம் கடிகாரத்தைப் பார்த்தான். "பதினொண்ணு முப்பத்தாறு. இப்போ தொடங்கினா முப்பத்தாறும் இருபத்தொண்ணும்... அம்பத்தேழு."

பழைய படத்தைத் தேடி எடுத்து, தப்பான நிறத்தோடு மறுபடி அதன் இடத்தில் வைத்தார்கள். ஓட்டினார்கள். முப்பத்தேழு.

அந்த இருபத்தொரு நிமிடத்தில் யாரும் உட்காரவில்லை. கீழே எங்கள் தெருவில் ஊர்வலம் போனது. பால்கனிக்கு யாரும் போகவில்லை. கணினி சூடாகக் கூடாது என்று ஹால்டோரா அதற்குச் சால்மன் தட்டால் விசிறினாள். ஐவின்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு எண்களை முணுமுணுத்தான். ஆயிரம். ஆயிரத்து நூறு. எல்லாம் பச்சை. ஆயிரத்து எண்ணூறில் கொஞ்ச நேரம் நின்றது. அவன் என் விரலை நெரித்த நெரிப்பில் மோதிரம் பதிந்தது. மறுபடி ஓடியது. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு.

பதினொன்று ஐம்பத்தெட்டு.

யோகெம் தன் கணினியில் நான்கு சொற்கள் தட்டினான். பொறுமையாக ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்துத் தட்டினான். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து நின்று, ஐவின்டைத் தரையிலிருந்து அப்படியே தூக்கினான்.

"தூக்கிடுவேன்னு சொன்னேனே" என்றான்.

விளக்கு மாட்டும் கொக்கியில் ஐவின்டின் தலை இடித்தது. அவன் அதைக்கூடக் கவனிக்காமல் மேலே இருந்தபடியே சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. நாலு கிலோ உடுப்போடு நான் ஆடினேன், மாமாவுக்காக ஹால்டோரா வாயாலேயே டூபா வாசித்தாள். பிறகு நான்கு பேரும் தெருவில் இறங்கி, முடிந்துபோன ஊர்வலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவரை நடந்து, சாஸேஜ் வாங்கித் தின்றோம்.

ஸ்கார்வோடு வரும் அனுமதிக் கோப்பில் இன்றும் அது இருக்கிறது. படம்: குன்வோர் ஸ்டெய்ன்ஸ்விக், குப்புறப் படுத்து எடுத்தது. கீழே ஐவின்ட் சேர்த்த ஒரு வரி: இந்தப் படத்தில் நிறம் தவறு, தயவுசெய்து திருத்த வேண்டாம். அதற்குக் கீழே என் மின்னஞ்சல் முகவரி.

முகவரியைப் பார்ப்பவர்கள் அந்த நடு வரியைப் படிப்பதில்லை. அதனால் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. இரண்டு குளிர்காலமாக, ஐவின்ட் இல்லாத வீட்டுக்கு, மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். போன வாரம் வந்தது சிலி நாட்டிலிருந்து, பலோமா என்ற மாணவி எழுதியது. உங்கள் சோதனைப் படத்தில் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன என்று நினைக்கிறேன், வானத்தோடு நிழல் பொருந்தவில்லை, ஒரே வரியில் சரிசெய்துவிடலாம், செய்யட்டுமா?

வேண்டாம் என்று எழுதினேன். ஆனால் நிழலைப் பார்த்தீர்களே, அதைப் பார்க்க எங்களுக்குப் பதினான்கு வருடம் ஆனது. உங்கள் முகவரியைக் கொடுங்கள், ஒன்று அனுப்பி வைக்கிறேன்.

முகவரி இன்று காலை வந்தது. கோப்பையைக் கழுவித் துடைத்து, பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன். மீதி ஆறு எனக்குப் போதும்.